காது சொல்வதும் கருவி சொல்வதும்

இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

முன்னுரை

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் குடும்பச் சச்சரவுக்கும் பொருத்திச் சொல்லப்படும் இப்பழமொழி, இயற்பியல் மாணவனாகிய எனக்கு ஓர் ஒலிபெருக்கிக் கடையில் பாடமாக வந்து அமைந்தது. ‘காதால் கேட்பது பொய்’ என்று மாமாவுக்கு நிரூபிக்கப் போன நான், ‘கருவியால் அளப்பதும் தீர விசாரித்ததாகிவிடாது’ என்று கற்றுக்கொண்டு திரும்பினேன். அந்த அனுபவத்தையும், அதையொட்டி நான் படித்தறிந்த செய்திகளையும் ஆசிரியப் பெருமக்கள் முன்பும் உடன்பயிலும் நண்பர்கள் முன்பும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி இதுதான்: கணினியில் ஒரே பாட்டை இரண்டு வெவ்வேறு ஒலிபரப்பு மென்பொருள்களில் போட்டால், காதுக்குக் கேட்கும்படியான வேறுபாடு உண்டா, இல்லையா?

மாமாவின் கடை

திருத்தணிக்கு அருகில் உள்ள கே.ஜி.கண்டிகையில் என் தாய்மாமன் மைக் செட் கடை வைத்திருக்கிறார். கலியாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அவருடைய பெட்டிகள் போகும். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31ஆம் நாள் படித் திருவிழாவுக்கும் மலையைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் பாட்டால் நிறையும் நாட்களில் அவருக்கு உறக்கமே இராது. ஒரு காலத்தில் இசைத்தட்டு, பிறகு ஒலிநாடா, பிறகு குறுந்தகடு என்று மாறி, இப்போது எல்லாப் பாட்டும் ஒரு மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது.

சென்ற ஆடிக்கு முன்பு, தொழில் நண்பர் ஒருவர் மாமாவுக்கு ஒரு மென்பொருளை அறிமுகப்படுத்தினார். ஒரு மாதம் இலவசம். பிறகு விலை கொடுத்து வாங்க வேண்டும். விலை சிறியதன்று, கடைக்கு இரண்டு மாத வாடகை. “மாப்ளே, இதுல குரல் முன்னாடி வந்து நிக்குது. பழையதுல பின்னாடி போய் உக்காந்துக்குது. கேட்டா உனக்கே தெரியும்” என்றார் மாமா.

நான் கேட்டேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நான் இயற்பியல் படிப்பவன் ஆயிற்றே! “மாமா, ரெண்டும் ஒரே எண்ணைத்தான் அனுப்புது. வித்தியாசம் இருக்கவே முடியாது. இது மனப்பிரமை” என்று சொல்லிவிட்டேன். மாமாவின் முகம் வாடியது. முப்பது ஆண்டுகளாகத் தம் காதை நம்பிப் பிழைப்பவரிடம் ‘உங்கள் காது பொய் சொல்கிறது’ என்று சொன்னால் வாடாமல் என்ன செய்யும்? “அப்படின்னா நிரூபி” என்றார்.

ஒலி எண்ணாகும் விதம்

நான் அவ்வளவு உறுதியாகப் பேசியதற்குக் காரணம் உண்டு. ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் உண்டாகும் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. குறுந்தகட்டு முறையில் இந்த மின்னழுத்தம் நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 இருமை இலக்கங்களால் ஆனது. அதாவது 65,536 படிகளில் ஏதேனும் ஒன்று. இடம், வலம் என்று இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 இலக்கங்கள்.

இப்படித் துண்டு துண்டாக அளந்தால் இடையில் உள்ளது தொலைந்து போகாதா என்று ஐயுறலாம். ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால், அந்த அலையை முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பது கணிதம் காட்டும் உண்மை. 1928இல் நைக்விஸ்ட் இதற்கு அடிகோலினார். 1949இல் ஷானன் இதைத் தெளிவான தேற்றமாக வெளியிட்டார். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். ஆகவே 44,100 என்ற எண் போதுமானதாகக் கொள்ளப்பட்டது.

ஒலிபரப்பு மென்பொருளின் வேலை, கோப்பில் உள்ள இந்த எண்களை எடுத்து வரிசை தவறாமல் ஒலி அட்டைக்குக் கொடுப்பது. எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது ஒலி அட்டையில் உள்ள சில்லு. மின்னழுத்தத்தைக் காற்றின் அசைவாக மாற்றுவது ஒலிபெருக்கி. மென்பொருளைத் தபால்காரருக்கு ஒப்பிடலாம். ஒருவர் சைக்கிளில் வருகிறார், மற்றவர் நடந்து வருகிறார். அதனால் கடிதத்தில் எழுதியிருப்பது மாறிவிடுமா?

மாறாது. ஆனால் தபால்காரர் உறையைப் பிரித்துத் திருத்தாதவரையில்தான் மாறாது. இந்தப் பிற்பகுதியை நான் மாமாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். உண்மையில், நானே நினைத்துப் பார்க்கவில்லை.

உறை பிரிக்கப்படும் இடங்கள்

ஒலிபரப்பு மென்பொருள் எண்களில் கை வைக்கும் இடங்கள் பல. முதலாவது, ஒலியளவு. திரையில் உள்ள ஒலியளவைக் குறைத்தால் ஒவ்வோர் எண்ணும் ஒரு பின்னத்தால் பெருக்கப்படுகிறது. இரண்டாவது, தாழ்சுரத்தையும் மேல்சுரத்தையும் கூட்டிக் குறைக்கும் சமன்செய்கருவி. மூன்றாவது, வெவ்வேறு பாடல்களை ஒரே உரப்பில் கேட்கச் செய்வதற்காகத் தானாகவே அளவை ஏற்றி இறக்கும் வசதி. நான்காவது, அளவீட்டு வீத மாற்றம். விண்டோஸ் போன்ற இயக்க முறைமைகள் பல ஒலிகளைக் கலக்க வேண்டியிருப்பதால், 44,100 வீதத்தில் உள்ளதை 48,000 வீதத்துக்கு மாற்றிக் கணக்கிட்டுக்கொள்வது உண்டு. ஐந்தாவது, கணினிக்கு வேலை மிகுந்து எண்கள் உரிய நேரத்தில் போய்ச் சேராவிட்டால் ‘டக், டக்’ என்று விட்டு விட்டுக் கேட்கும்.

இவற்றுள் எதுவும் நிகழாமல் எண்கள் அப்படியே போய்ச் சேர்ந்தால் இரு மென்பொருள்களுக்கும் வேறுபாடு இருக்க வழியில்லை. ஏதேனும் ஒன்று நிகழ்ந்தால், வேறுபாடு இருக்கலாம். அது காதுக்கு எட்டும் அளவினதா என்பது அடுத்த கேள்வி.

காது வெறும் கருவியன்று

இங்கே காதின் இயல்பையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நாம் கேட்பது காதால் மட்டுமன்று; மூளையாலும் கேட்கிறோம்.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்றும் இங்கே ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் பேசக் கேட்கலாம். தமிழில் ‘ப’ என்று நாம் ஓர் எழுத்தால் எழுதுவதற்குத் தெலுங்கில் நான்கு எழுத்துகள். தெலுங்கு வீட்டில் வளர்ந்த நண்பன் அந்நான்கையும் கேட்ட மாத்திரத்தில் பிரித்துச் சொல்கிறான். எனக்கோ அவற்றுள் சில ஒன்று போலவே ஒலிக்கின்றன. கருவி வைத்து அளந்தால் நான்கும் வேறு வேறு அலைகள். என் செவிப்பறையிலும் அவை வேறு வேறாகத்தான் மோதுகின்றன. ஆயினும் எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆகவே அந்த வேறுபாடு எனக்கு இல்லை. கருவி காட்டும் வேறுபாடு பயிலாத காதுக்கு எட்டாமல் போகலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். ஒலிநாடாவில் ‘பா’ என்று ஒலிக்கும்போது, திரையில் ‘கா’ என்று சொல்லும் வாயசைவைக் காட்டினால், பார்ப்பவர் பலருக்கு ‘டா’ என்று கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் மீண்டும் ‘பா’! கண் காதை ஏமாற்றுகிறது. இது நடிப்பன்று, அவர்களுக்கு உண்மையாகவே அப்படிக் கேட்கிறது. கண்ணால் காணும் உதட்டசைவே இவ்வளவு செய்யுமானால், ‘இது விலையுயர்ந்தது’ என்ற எண்ணம் ஏதும் செய்யாதா?

மூன்றாவது ஒன்று, உரப்பு. மெல்லிய ஒலியளவில் தாழ்சுரங்கள் நம் காதில் சரியாக விழுவதில்லை என்பதை 1933இல் பிளெட்சர், மன்சன் ஆகிய இருவர் வரைபடமாகவே வரைந்து காட்டினர். அளவைச் சற்றுக் கூட்டினால் தாழ்சுரம் நிறைவாகக் கேட்கும். இசை முழுமை பெற்றாற்போல் தோன்றும். ஒன்று அல்லது இரண்டு டெசிபெல் கூடினால், ‘சத்தம் கூடிவிட்டது’ என்று நாம் சொல்வதில்லை; ‘தெளிவு கூடிவிட்டது’ என்றே சொல்கிறோம். கருவி விற்போர் பலருக்கும் தெரிந்த இரகசியம் இது.

மறைத்துக் கேட்கும் முறை

ஆகவே காதின் சாட்சியைப் பெற வேண்டுமானால் பெயரை மறைத்துக் கேட்க வேண்டும். இதற்கென ஒரு முறை உண்டு. 1950இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மன்சனும் கார்ட்னரும் இதை விளக்கி எழுதினர். 1982இல் டேவிட் கிளார்க் இதை ஒலிக்கருவிச் சோதனைக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார். முதல் ஒலி, இரண்டாம் ஒலி இரண்டையும் பெயர் சொல்லியே கேட்கலாம். மூன்றாவதாக ஒரு மறைவொலி வரும். அது முதலாவதா, இரண்டாவதா என்று சொல்ல வேண்டும். கேட்பவருக்கும் அருகில் இருப்பவருக்கும் விடை தெரியக்கூடாது. இவ்வாறு பலமுறை செய்து, சரியானவற்றை எண்ண வேண்டும்.

நாங்கள் 16 முறை என்று வைத்துக்கொண்டோம். வேறுபாடே கேட்காமல், காசு சுண்டிப் பார்ப்பது போல் விடை சொன்னாலும் சராசரியாக 8 சரியாகிவிடும். 12 அல்லது அதற்கு மேல் தற்செயலாகச் சரியாவதற்கு உள்ள வாய்ப்பு நூற்றுக்கு 4க்கும் குறைவு. ஆகவே 12 எடுத்தால் வெற்றி என்று பேசிக்கொண்டோம்.

நண்பன் ஒருவன் உள்ளறையில் மடிக்கணினியுடன் உட்கார்ந்தான். காசைச் சுண்டி, விழுந்ததற்கு ஏற்ப மென்பொருளைத் தேர்ந்து, தாளில் குறித்துக்கொண்டான். மாமாவும் நானும் வெளியே, ஒரே பெட்டியின் முன். அடக்கமாகப் பதிவான ஒரு பழைய பக்திப் பாடலைத் தேர்ந்தெடுத்தோம்.

முதற் சோதனையின் முடிவு: 16க்கு 16 சரி.

என் தலை சுற்றியது. தற்செயலாக இப்படி நிகழ 65,536இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. (குறுந்தகட்டின் படிகளும் இதே எண்தான், இரண்டும் 2இன் 16ஆம் அடுக்கு அல்லவா!) மாமா ஒன்றும் பேசவில்லை, தேநீர் வரவழைத்தார்.

கருவி பேசியது

எதையும் அளக்காமல் ‘இருக்கவே முடியாது’ என்று சொன்னது என் முதற்பிழை. அன்று மாலை 200 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மிதமான அளவுள்ள ஒரு தனிச்சுரத்தைக் கணினியில் உண்டாக்கி, இரு மென்பொருள்களிலும் போட்டு, ஆம்பிளிஃபயரின் வெளிமுனையில் மல்டிமீட்டரை வைத்தேன். பழைய மென்பொருளில் 1.00 வோல்ட் காட்டும்படி வைத்தால், புதியதில் 1.26 வோல்ட். இது 2 டெசிபெல் வேறுபாடு. திறனில் கணக்கிட்டால் ஏறத்தாழ 58 விழுக்காடு மிகுதி. புதிய மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அளவை உயர்த்தும் ஒரு வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தது. ‘குரல் முன்னாடி வந்து நின்றதன்’ மருமம் இதுவே.

கணினியின் ஒலிக்கலவைப் பகுதியில் புதிய மென்பொருளுக்குரிய அளவை மட்டும் குறைத்து, மீட்டரில் இரண்டும் ஒன்றாகும்படி செய்தேன். மறுநாள் அதே பாடலுடன் இரண்டாம் சோதனை. முடிவு: 16க்கு 9 சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் 9 அல்லது அதற்கு மேல் வர நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு. வேறுபாடு மறைந்துவிட்டது.

“பாத்தீங்களா மாமா!” என்று நான் கொக்கரித்தேன். அந்தக் கொக்கரிப்பு என் இரண்டாவது பிழை.

காது பேசியது

மாமா இளமையில் சில ஆண்டுகள் ஒரு வித்துவானிடம் தவில் பயின்றவர். குடும்பச் சூழ்நிலையால் விட்டுவிட்டார். சற்று நேரம் யோசித்தவர், “மாப்ளே, பாட்டுல வேணாம். நாயனம் தவில் போட்டுக் கேப்போம். ராத்திரி போட்டுப் பாத்தேன், புதுசுல என்னவோ இடிக்குது” என்றார்.

விட்டுக்கொடுக்க மனமின்றி மூன்றாம் சோதனைக்கு உட்கார்ந்தேன். மங்கல இசைப் பதிவு ஒன்று. தவில் தனியாக முழங்கும் இடம். அளவுகள் முன்பு சமன் செய்தபடியே இருந்தன. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. மாமா கண்ணை மூடிக்கொண்டு விடை சொன்னார்.

16க்கு 15 சரி! தற்செயலாக இவ்வளவு வர ஏறத்தாழ 4,000இல் ஒரு வாய்ப்பு.

அதைவிட வியப்பு அவர் சொன்ன காரணம். “கூடு போட்ட விரலோட அடி கணீர்னு விழணும். புதுசுல மழுங்கிப் போய் விழுது.” முதல் நாள் எந்த மென்பொருளை உயர்ந்தது என்று புகழ்ந்தாரோ, அதையே இப்போது குறையுள்ளது என்றார், பெயர் தெரியாமலேயே சொன்னார்.

ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு இரண்டின் வெளியீட்டையும் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழையதில் தவிலின் ஒவ்வோர் அடியும் கூரிய சிகரமாக நின்றது. புதியதில் சிகரங்களின் தலை சமமாக வெட்டப்பட்டிருந்தது. காரணம் எளிது. 16 இலக்கங்களில் அடங்கும் எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்தத் தவில் பதிவு ஏற்கெனவே வரம்பை எட்டிய பதிவு. அதன் மேல் 2 டெசிபெல் ஏற்றினால் எண்களுக்குப் போக இடம் ஏது? வரம்புக்கு மேற்பட்டதெல்லாம் வரம்பிலேயே வெட்டப்படும். பின்னர் நான் அளவைக் குறைத்தது, வெட்டுப்பட்ட பிறகு செய்த வேலை. போன தலை திரும்பி வராது. அடக்கமான பக்திப் பாடலோ உச்ச வரம்புக்கு 6 டெசிபெல் கீழேயே ஓடியது. ஆகவே அதில் வெட்டு விழவில்லை.

என் மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. மிதமான ஒரு சுரத்தைக் கொடுத்து ‘அளவு சமமா?’ என்று கேட்டேன், ‘சமம்’ என்றது. ‘உச்சத்தில் என்ன நடக்கிறது?’ என்று நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது மாமாவின் காதுதான்.

அளவை உயர்த்தும் வசதியை அறவே நிறுத்திவிட்டு நான்காம் சோதனை செய்தோம். அதே தவில், 16க்கு 8 சரி. இரண்டு பதிவுகளையும் எடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, காலத்தைச் சரிபார்த்து மற்றொன்றோடு கூட்டினேன். ஒரே அலையானால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். மிஞ்சியது முழு அளவுக்கு 90 டெசிபெல்லுக்கும் கீழே. எந்தக் காதுக்கும் எட்டாத ஆழம். இம்முறை காதும் கருவியும் ஒரே சாட்சி சொல்லின.

இராமனும் தம்புராவும்

காது கருவிக்கு வழிகாட்டுவது புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி.வி.இராமன், ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றதை நாம் அறிவோம். அதற்கு முன்பே, கல்கத்தாவில் அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாக்கணு கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கமாட்டா என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. வீணை, தம்புரா ஆகியவற்றில் இந்த விதி பொய்த்துப் போவதை 1921இல் இராமன் எடுத்துக்காட்டினார். எந்த மேற்சுரம் ஒலிக்கக்கூடாது என்று விதி சொல்கிறதோ, அதுவே அங்கு வலுவாக ஒலித்தது. அவ்விதி, தந்தி கூரிய விளிம்பில் நிற்பதாகக் கொண்டு எழுதப்பட்டது. நம் வீணையின் குதிரையோ அகன்று, மெல்ல வளைந்த பரப்புடையது. தம்புராவிலோ குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலும் வைக்கப்படுகிறது. தந்தி அப்பரப்பைத் தொட்டுத் தொட்டு அதிர்வதால் மேற்சுரங்கள் பிறக்கின்றன. அந்த நூலைச் சிறிதே நகர்த்தி ‘இப்போது நாதம் பேசுகிறது’ என்று காதால் கண்டறிந்தவர்கள் நம் இசைவாணர்கள். சூத்திரம் பின்னால் வந்தது.

1920இல் மிருதங்கம் முதலிய முழவுகளைப் பற்றியும் இராமனும் சிவகாளி குமாரும் எழுதினர். வெறும் தோலை இழுத்துக் கட்டினால் அதன் மேற்சுரங்கள் ஒத்திசையா. நடுவில் கருஞ்சாந்து பூசிய நம் முழவிலோ அவை இசைவாக அமைகின்றன. எவ்வளவு பூச வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்தது காதே.

வேறு இடங்களில் கண்டவை

ஆயினும் காதை முற்றிலும் நம்பிவிடலாகாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களுக்குக் கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிவித்து, மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் வாசிக்கக் கொடுத்தனர். பழையவற்றுள் இரண்டு உலகப் புகழ் பெற்ற ஸ்ட்ராடிவாரி செய்தவை. பெரும்பாலோர் புதியதையே விரும்பினர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி! பெயரை மறைத்தவுடன் பெருமை இடம் மாறிவிட்டது.

2007இல் மேயர், மோரன் என்னும் இருவர், குறுந்தகட்டைவிட நுட்பமான பதிவுகளைக் குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்து மறைத்துக் கேட்கச் செய்தனர். 554 முறைகளில் 276 சரி, அதாவது 49.8 விழுக்காடு, காசு சுண்டியதற்குச் சமம். ஆனால் 2016இல் ரீஸ் என்பவர் 18 ஆய்வுகளைத் தொகுத்து, 12,500க்கும் மேற்பட்ட விடைகளைக் கணக்கிட்டபோது 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. மிகச் சிறியது, ஆயினும் இத்தனை விடைகளில் தற்செயல் என்று தள்ள இயலாதது. முன்பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பிரித்தறிந்தனர். தெலுங்கு நண்பனின் காது இங்கே நினைவுக்கு வருகிறது.

நம் கைப்பேசியில் உள்ள எம்.பி.3 கோப்பையும் பாருங்கள். நொடிக்கு 1,28,000 இலக்கங்கள் உள்ள கோப்பு, குறுந்தகட்டில் உள்ளதில் 11இல் ஒரு பங்கே. உரத்த ஒலியின் நிழலில் மெல்லிய ஒலி காதுக்குக் கேளாது என்பதைக் கணக்கிட்டு, கேளாதவற்றுக்குரிய இலக்கங்களைக் குறைத்துவிடுகிறார்கள். கருவிக்கு மாபெரும் வேறுபாடு. காதுக்கோ சிறு வேறுபாடு. ஆயினும் இம்முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான பிராண்டன்பர்க், சுசான் வேகா என்னும் பாடகி துணைக்கருவி ஏதுமின்றிப் பாடிய ஒரு பாடலில் குரல் சிதைந்து ஒலிப்பதைக் கேட்டு, தம் கணக்கை மீண்டும் மீண்டும் திருத்தினார். அங்கும் குறையைக் காட்டிக் கொடுத்தது காதே.

முடிவுரை

தொகுத்துச் சொன்னால்: எண்களை மாற்றாமல் அனுப்பும் இரு மென்பொருள்களுக்கிடையே காதுக்கு எட்டும் வேறுபாடு இல்லை. வேறுபாடு கேட்டால், ஒன்று எண்கள் எங்கோ மாற்றப்படுகின்றன, அல்லது நம் எதிர்பார்ப்பு நம்மோடு பேசுகிறது. இரண்டில் எது என்பதை வாதத்தால் முடிவு செய்ய முடியாது. பெயரை மறைத்து, அளவைச் சமமாக்கி, பலமுறை, பலவகை இசையைக் கொண்டு கேட்க வேண்டும். காது உண்மையாகவே பிரித்தறிந்தால், அது ஏன் என்று கருவியைக் கொண்டு தேட வேண்டும். கருவி ஒன்றும் காட்டாவிட்டால், சரியான இடத்தில் அளந்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாமா அந்த மென்பொருளை வாங்கவில்லை. அந்தப் பணத்தில் கூம்பு ஒலிபெருக்கிகளில் பழுதாகியிருந்த இரண்டு யூனிட்டுகளை மாற்றினார். அது நல்ல முடிவு. ஏனெனில் மென்பொருள்களுக்கிடையே நாங்கள் கண்ட வேறுபாடு 2 டெசிபெல். ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கி, அறைக்கு அறை உண்டாகும் வேறுபாடு அதனினும் பன்மடங்கு.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு மாப்ளே? மொத நாள் நான் ஏமாந்தேன், மூணாம் நாள் நீ ஏமாந்தே. கணக்கு சரியாப் போச்சு” என்று சிரித்தார். ஆடிக் கிருத்திகையன்று அவருடைய பெட்டிகளிலிருந்து தவில் முழங்கியபோது, ஒவ்வோர் அடியையும் உற்றுக் கேட்டேன். கணீரென்று விழுந்தது. எனக்கும் இப்போது கொஞ்சம் கேட்கத் தெரிந்திருக்கிறது.

இச்சோதனைக்கு வேண்டியவை ஒரு கணினி, ஒரு மல்டிமீட்டர், ஒரு காசு, பொறுமையுள்ள ஒரு நண்பன் ஆகியவை மட்டுமே. உடன்பயிலும் நண்பர்கள் தத்தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செய்து பார்ப்பவர்கள், முடிவு எதுவாயினும், எதிரே அமர்ந்து கேட்பவரின் காதை மதித்துச் செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.